ஐந்தடிக் காசோலை

மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐந்தடி அட்டை ஒன்றைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஒரு பெண் சங்க அலுவலக வாசலில் வந்து இறங்குவதைப் பார்த்ததும், சங்கத் தலைவர் சதாசிவம் செயலாளர் தீபனிடம் மெதுவாகச் சொன்னார்.

"நான் இல்லேன்னு சொல்லுலா."

"அவங்க உங்களப் பாத்துட்டாங்க, தலைவரே."

வந்தவள் தினேஸ்வரி. புந்தோங் அடுக்குமாடியில் மூன்று பிள்ளைகளோடு தனித்து வாழும் தாய். இரண்டு மாதத்துக்கு முன் சங்கம் நடத்திய தீபாவளிக் கலைவிழாவில், டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் கையால் மேடையில் அந்த அட்டையை வாங்கியவள். மாதிரிக் காசோலை என்பார்கள். அதில் கொட்டை எழுத்தில் அவள் பெயர், பக்கத்தில் ஐயாயிரம் வெள்ளி என்ற தொகை.

நிஜக் காசோலை இன்னும் வரவில்லை.

விழாவே தனித்து வாழும் தாய்மார்களுக்காகத்தான் என்று டிக்கெட்டில் அச்சடித்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த பாடகருக்கு, அவர் தங்கிய ஹோட்டலுக்கு, எல்இடி மேடைக்கு, நாற்பத்திரண்டு பிரமுகர்களின் பொன்னாடைக்கு என்று எல்லாம் கொடுத்து முடித்துப் பார்த்தால், தாய்மார்களுக்கு மிஞ்சியது அட்டைதான்.

சதாசிவத்துக்குச் சுர்ரென்று வந்தது. மேடையில் கையெடுத்துக் கும்பிட்டவள், இப்போது ஊர் பார்க்க அட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டாளே!

"தங்கச்சி, சங்கம்னா எல்லாம் ஒடனே நடந்துடாதும்மா. கமிட்டி கூடணும், மூணு பேரு கையெழுத்துப் போடணும்..."

"நான் காசு கேட்டு வரலண்ணே."

சதாசிவம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தீபன், அக்காவுக்கு ஒரு மைலோ சொல்லுப்பா! உக்காரும்மா. வேற என்னா வேணும்?"

"ஒரு சூராட் வேணும். இந்த ஐயாயிரத்த நீங்க எனக்குக் குடுக்கவே இல்லன்னு ஒரு கடுதாசி எழுதி, சங்கத்து சாப் குத்திக் குடுங்க. அது போதும்."

மைலோ சொல்லக் கிளம்பிய தீபன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

விஷயம் இதுதான். குனோங் ராபாட்டில் ஓர் உதவி இயக்கம் இருக்கிறது. அவர்கள்தான் மாதாமாதம் தினேஸ்வரிக்கு அரிசி, எண்ணெய், பால்மாவு எல்லாம் கொடுத்துவந்தார்கள். பத்திரிகையில் அவளையும் அட்டையையும் சேர்த்துப் பார்த்த அன்றே பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

"அங்க பொறுப்புல இருக்கிற ஐயாவு அண்ணன்கிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். 'டத்தோ கையால வாங்குனத ஊரே பாத்துச்சு, இனிமே கஷ்டப்படுற வேற ஆளுக்கு வழி விடும்மா'ங்குறாரு. பக்கத்து வீட்டுக்காரங்க கைமாத்து கேட்டு, இல்லன்னதும் மொகத்தத் திருப்பிக்கிறாங்க. ரெண்டு மாசமா சின்னவளுக்குப் பால்மாவு இல்லண்ணே, வெறும் தேத்தண்ணிதான். ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாதும்பாங்க. இது சட்டியில இருந்த கறியையும் கவுத்துருச்சு."



சதாசிவத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவரும் பிள்ளைகுட்டிக்காரர். ஆனால் கொடுக்கவில்லை என்று எழுதிச் சங்க முத்திரையைக் குத்தினால் சங்கத்தின் மானம் என்னாவது? அடுத்த மாதம் பொங்கல் விழா வேறு இருக்கிறது. டிக்கெட்டை எவன் வாங்குவான்?

மைலோ வந்து, ஆறியும் போனது. அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி, ஒனக்கு வேண்டியது என்னா? அந்தக் காசு ஒன்கிட்ட இல்லேன்னு அவங்க நம்பணும். அவ்வளவுதானே?"

"ஆமாண்ணே."

"அத கௌரவமா செஞ்சிடலாம். தீபன், எழுது."

அவர் சொல்லச் சொல்லத் தீபன் தட்டச்சு செய்தான். 'எங்கள் சங்கம் வழங்கிய ஐயாயிரம் வெள்ளியைத் திருமதி தினேஸ்வரி அவர்கள் பெருந்தன்மையோடு சங்கத்துக்கே திருப்பி அளித்துவிட்டார் என்பதை நன்றியுடன் உறுதிப்படுத்துகிறோம்.'

தினேஸ்வரி திருதிருவென்று விழித்தாள்.

"அண்ணே, வாங்காத காச நான் எப்படித் திருப்பி...?"

"எப்படிப் பாத்தாலும் ஒண்ணுதாம்மா. காசு ஒன்கிட்ட இல்ல. அது உண்மையா, பொய்யா?"

"உண்மைதான்."

"அப்புறம் என்னா?"

சாப் நச்சென்று விழுந்தது. சங்கத்துக்கும் ஒரு தலைவலி தீர்ந்தது. கொடுத்த வகையில் ஐயாயிரம், திரும்பி வந்த வகையில் ஐயாயிரம் என்று ஆண்டறிக்கையில் தைரியமாகப் போட்டுக்கொள்ளலாம். அட்டையையும் அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டினால் பொங்கலுக்கும் ஆகும் என்றான் தீபன். அவனுடைய சிக்கனத்தைத் தலைவர் மெச்சினார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தினேஸ்வரி குனோங் ராபாட்டுக்குப் போனாள். அரிசி கொடுத்தால் போட்டு எடுத்துவர ஒரு பையும் கொண்டுபோயிருந்தாள்.

ஐயாவு கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்.

"என்னா மனசும்மா ஒனக்கு! நான் ஒன்னத் தப்பா நெனைச்சிட்டேன்."

உள்ளே அரிசி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். ஒருவர் அவளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

தினேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. பையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அப்ப அரிசி லிஸ்ட்ல என் பேரு...?"

ஐயாவு வாய்விட்டுச் சிரித்தார்.

"வெளையாடாதம்மா. ஐயாயிரம் வெள்ளியவே வேணாம்னு திருப்பிக் குடுத்த ஒனக்கு, எங்க அஞ்சு கிலோ அரிசி எதுக்குலா?"