மூன்றாம் கட்டத்து மெட்டு

"இன்னிக்கும் அதே இடம்தான், பெலிண்டா. மூணாவது கட்டம் ஆரம்பிச்சதும் போனைக் கீழ வச்சிட்டு எழுந்து போயிட்டாங்க."

மன்சூர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார். தில்லைநகர் மாடியொன்றில் இருந்த அந்தச் சின்ன கேம் கம்பெனிக்கு அவர்தான் முதலாளி. பெலிண்டா அங்கே இசை போடுபவள்.

"எல்லாருமா சார்?"

"சென்னையில விளையாடினவங்க யாரும் எழுந்திருக்கலை. எடமலைப்பட்டி புதூர்ல ஒரு மகளிர் குழுவுக்கு விளையாடிப் பாக்கக் குடுத்தோம்ல, அவங்கதான். அதுவும் காலையில மட்டும். சாயங்காலம் அதே ஆளுங்க கடைசி வரைக்கும் விளையாடறாங்க."

"காலையில ஒரு காது, சாயங்காலம் ஒரு காதா சார்?"

"கிண்டல் பண்ணாதம்மா. ஆட்டம் அதேதான், படமும் அதேதான். அந்தக் கட்டத்துல புதுசா வர்றது உன் மெட்டு ஒண்ணுதான்."

ஆற்றில் ஓடம் ஓட்டும் ஆட்டம் அது. மூன்றாம் கட்டத்தில் வெள்ளம் வரும். அதற்குப் போட்ட மெட்டுதான் பெலிண்டாவுக்கு ரொம்பப் பிடித்தது.

சினிமாப் பாட்டுக்கு முடிவு உண்டு. கேம் இசைக்குக் கிடையாது. ஆடுபவர் ஒரே பாறையில் எத்தனை தடவை மோதினாலும் மெட்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கடைசிச் சுரம் முதல் சுரத்தோடு ஒட்டு தெரியாமல் சேர வேண்டும். பாறை நெருங்கும்போது அடியில் ஒரு தாளம் சேர்ந்துகொள்ளும். தாண்டியதும் சத்தமில்லாமல் விலகிவிடும். ஆடுபவர் அதைக் கவனித்துவிட்டால் வேலை கெட்டது என்று அர்த்தம்.

நன்றாகச் செய்தால் யாருமே கவனிக்காத வேலை. அதனாலோ என்னவோ, படம் வரைந்தவர் பெயரெல்லாம் திரையில் வரும், பெலிண்டாவின் பெயர் இதுவரை ஓர் ஆட்டத்திலும் வந்ததில்லை. இந்த ஆட்டத்தில் முதல் திரையிலேயே போடுவதாக மன்சூர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"பேரு போடறேன்னு சொன்னேன், இல்லைங்கலை. ஆனா ஆளை எழுந்து ஓட வைக்கிற மெட்டுக்கு எப்படிம்மா போடறது? நாளைக்குள்ள காரணம் தெரியலைன்னா, வெளியில ரெடிமேடா ஒண்ணு வாங்கிப் போட்டுடுவேன்."

"கண்டுபிடிச்சிடறேன் சார். அதுவரைக்கும் எதையும் வாங்கிடாதீங்க."

ஸ்ரீரங்கத்தில் தன் பிளாட்டுக்குப் போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மெட்டு சேரும் இடத்தைக் கேட்டாள், ஒட்டு தெரியவில்லை. தாளம் கூடுதலோ என்று குறைத்துப் பார்த்தாள், அதுவுமில்லை. மெட்டு மோசமென்றால் சாயங்காலமும் மோசமாகத்தானே இருக்க வேண்டும்? இங்கேயே உட்கார்ந்து கேட்டால் விடை கிடைக்காது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக எடமலைப்பட்டி புதூருக்கு பஸ் ஏறினாள். குழுவின் தலைவி அமிர்தம் வாசலுக்கே வந்து கூட்டிப்போனாள்.

"இந்த ஆட்டத்துக்கு இசை போட்டது நான்தான்க்கா. நீங்க விளையாடறதைக் கொஞ்சம் பாக்கணும்."

"இசைக்குன்னு தனியா ஆள் இருக்கா? அது போனுக்குள்ளயே இருக்கும்னுல்ல நெனச்சேன்."

அமிர்தம் உட்கார்ந்து ஓடத்தைக் கிளப்பினாள். கை நன்றாகவே ஓடியது. "நடுரோட்டுல நிறுத்தற ஷேர் ஆட்டோ மாதிரி குறுக்க நிக்குது பாரு" என்று பாறைகளைத் திட்டியபடியே இரண்டு கட்டங்களைத் தாண்டினாள்.

மூன்றாம் கட்டம். மெட்டு எழுந்தது.

அமிர்தம் சட்டென்று போனை நாற்காலியில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஆளில்லாத ஓடம் பாறையில் மோதி முழுகியது.

பெலிண்டாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "என்னக்கா, பிடிக்கலையா?"

அமிர்தம் இரண்டு கையிலும் வாளியோடு வெளிப்பட்டு நேரே வாசலுக்குப் போய் நின்றாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"காணோமே."

"யாரைக்கா?"

"குப்பை வண்டியைத்தான். இப்பதானே சத்தம் கேட்டுச்சு." திரும்பி போனைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "அட, இதுலேருந்தா வந்துச்சு? எங்க ஏரியா வண்டியிலயும் இதே பாட்டுத்தாம்மா போடறாங்க, இந்த வருஷம் புதுசா. கேட்டா கை தானா வாளிக்குப் போயிடுது. எங்க குழுவுல எல்லாரும் நேத்து இப்படித்தான் வாசல்ல நின்னு ஏமாந்திருக்கோம் போல."

பேசிக்கொண்டிருக்கும்போதே நிஜ வண்டி தெருமுனையில் திரும்பியது. அதன் ஒலிபெருக்கியில் அதே மெட்டு, ஒரு சுரம் மாறாமல். பெலிண்டா அசையாமல் நின்று முழுசாகக் கேட்டாள். பிறகு மன்சூருக்கு போன் போட்டாள்.

"காரணம் கிடைச்சிடுச்சு சார். காலையில இங்க குப்பை வண்டியில வர்றதும் அதே மெட்டு. மூணாவது கட்டத்துக்கு வேற மெட்டு போட்டா போதும், ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க. மத்தியானத்துக்குள்ள தந்துடறேன். நீங்க முதல் திரையில பேரைப் போடுங்க."

மன்சூர் குரலை உயர்த்தினார்.

"குப்பை வண்டிப் பாட்டைத் திருடி எனக்குக் குடுத்துட்டு, உனக்குப் பேரு வேற போடணுமா?"

"திருடலை சார். நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு விளம்பரக் கம்பெனிக்காரங்க வந்தாங்க. கேட்டதும் வீட்டுல இருக்கறவங்க எழுந்து வெளிய வரணும், அப்படி ஒரு மெட்டு வேணும்னாங்க. எதுக்குன்னு சொல்லலை. போட்டுக் குடுத்தேன். சரியில்லை, வேண்டாம்னுட்டாங்க. நம்ம மெட்டுதானேன்னு உங்க ஆட்டத்துல வச்சேன்."

பெலிண்டா தெருவைப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு வாளியோடு ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள்.

"வண்டியில பாடறதும் நான் போட்டதுதான் சார். அங்கயும் பேரு போடலை."