இரு மடங்கு காத்திருப்பு

கடலில் மிதக்கும் அந்தக் கருவிக்கு வசுமதியும் அவள் கணவன் தேவசகாயமும் ஒரே ஒரு பிடிவாதத்தைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். செய்தியைத் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். கரையிலிருந்து ‘கிடைத்தது’ என்று பதில் வந்த பிறகே அடுத்த துண்டு. பதில் வராவிட்டால், ஒவ்வொரு முறையும் முன்னதைவிட இரு மடங்கு நேரம் காத்திருந்து, அதே துண்டை மறுபடியும் அனுப்ப வேண்டும்.

கருவியைப் பழுதுபார்க்கப் படகில் போன தேவசகாயம் புயலில் சிக்கினான். அந்தக் கருவி வழியாகவே மனைவியிடம் பேசினான். அவன் பேச்சைக் கருவி வாங்கி வைத்துக்கொண்டது. முதல் துண்டு கிளம்பும்போதே கரையில் செய்தி வாங்கும் கோபுரம் சாய்ந்துவிட்டது. படகு திரும்பவில்லை. கருவியும் கயிறு அறுந்து எங்கோ போய்விட்டது. புதுக் கோபுரம் எழுவதற்குள் கருவியின் காத்திருப்பு வருடக்கணக்காக நீண்டிருந்தது.

அது இன்னும் பிழைத்திருந்தால், மறுபடியும் அனுப்ப வேண்டிய நாள் இன்று. தலை நரைத்த வசுமதி ரிசீவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கு விட்டுட்டா அடுத்தது எப்போ மேடம்?” என்று கேட்டார் உடன் வேலை செய்யும் சார்லஸ்.

“வரும். கேக்க நான் இருக்க மாட்டேன்.”

ஒலிபெருக்கி கரகரத்தது. அந்தப் புயல் நாளின் காற்று அறைக்குள் இரைந்தது. அதற்குள்ளிருந்து அவன் குரல்: “வசு, கடல் ஏறிக்கிட்டே வருது. நீ ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ...”

அதோடு நின்றது.

அவள் ‘கிடைத்தது’ என்று அனுப்பினாள்.

எங்கே மிதக்கிறது என்றே தெரியாத அந்தக் கருவி, இத்தனை வருடங்களில் ஒரு நொடிகூடக் கழியாததுபோல, உடனே அடுத்த துண்டை அனுப்பியது. சொல்லப்போகும் சொல்லுக்காக அவன் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.