பின்கட்டுக் கதவு

சாப்பாடு கொண்டுவருபவர்கள் எதிரில் இந்த மாற்றுத்திறனாளிகள் இல்லத்துப் பெண்கள் எவரும் பின்கட்டுக் கதவைப் பார்ப்பதில்லை. அப்படியொரு விதி இருப்பதாக யாரும் யாருக்கும் சொன்னதுமில்லை. ஆம்பூரின் நண்பகல் வெயில், சன்னல் கம்பிகளின் நிழலைச் சக்கர நாற்காலிகளின் மேல் கிடத்தியிருக்கிறது. தோல் பதனிடும் வாடையை மீறிப் பிரியாணி அண்டாவின் ஆவி எழுகிறது. காலணித் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜெஃப்ரி தம் பிறந்தநாளுக்காகக் கொண்டுவந்தது அது. பெண்கள் கைதட்டி வாழ்த்துப் பாடுகிறார்கள். பின்கட்டுக் கதவை உள்ளிருந்து யாரோ அறைகிறார்கள். அது வலிப்பு நோயுள்ள சம்பூர்ணம் என்று பாடும் எல்லோருக்கும் தெரியும். பாட்டு உரக்கிறது, கைதட்டல் அந்த அறைதலின் தாளத்தையே பிடித்துக்கொண்டு அதை விழுங்கப் பார்க்கிறது. "இன்னா சத்தம் அது?" என்கிறார் ஜெஃப்ரி. "பூனை சார், ஒரே பேஜாரு. நீங்க பரிமாறுங்க, ஆறிடப் போவுது," என்று சிரிக்கும் வார்டன் இன்பம், முன்வரிசையில் இருக்கும் பூங்குழலியின் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து இறுகப் பற்றுகிறார். பூங்குழலியின் வளைந்த விரல்கள் சக்கரத்தை எட்டப் பார்க்கின்றன. அறையும் ஓசை மெலிகிறது, இடைவெளி விடுகிறது, பிறகு வரவேயில்லை. மூடி மறைக்க இனி ஓசை ஏதுமில்லாமல் பாட்டு தானே அறுந்துபோகிறது. இலைகளின் மேல் ஈக்கள் மட்டும் இரைகின்றன.

பூங்குழலி உடம்பு முழுவதையும் முறுக்கித் திரும்பி, அந்தக் கதவை நேராகப் பார்க்கிறாள். சொற்கள் ஒவ்வொன்றாக, எச்சிலோடு வருகின்றன.

"பூனை இல்ல சார். எங்க சம்பூர்ணம். அவ ஓடப் பாத்தான்னு நேத்து உள்ள வச்சு பூட்னாங்க. வலிப்பு மாத்திர குடுக்கல. தொறங்க சார்."