உட்காரக் கூடாத நாற்காலிகள்

மனித நாகரிகம் உட்காரக் கற்ற நாளில்தான் தொடங்கியது என்று தீவின் நாற்காலி அருங்காட்சியகத்து வாசலில் பொறித்திருக்கிறது. உள்ளே எதிலும் உட்காரக் கூடாது. கயிறுகளுக்கு அப்பால் நாற்காலிகள் வெயில் காய்கின்றன. ஜன்னலுக்கு வெளியே கடல் இரைகிறது. இது அப்பாவின் கடைசி விடுமுறை என்பது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முன்னாள் நீதிபதியான அவர், மூச்சு வாங்க, கயிற்றை விலக்கிக்கொண்டு போய் ஏதோ ஓர் அரசனின் சிவப்பு வெல்வெட் ஆசனத்தில் அமர்ந்துவிடுகிறார். "ஐயா, எழுந்திரிங்க!" என்று காவலர் ஓடி வருகிறார். "நான் எழுந்தா கோர்ட்டே எழுந்து நிக்கும், தெரியுமாய்யா?" மகள் சிரித்தபடி படம் பிடிக்கிறாள். "போதும்ப்பா, வாங்க." அவர் கைப்பிடிகளை விடுவதாக இல்லை. உதடு மட்டும் அசைகிறது. அவள் குனிந்து காதைக் கொடுக்கிறாள். "எல்லாரையும் வெளிய போகச் சொல்லும்மா," என்கிறார். அவருக்கு அடியில் வெல்வெட் நனைந்திருக்கிறது.