பதினொன்றில் படிந்த பேரம்

சந்தையில் கடைச்சாவி ஒழிந்து பல வருஷமாயிற்று. காலையில் ஷட்டரே 'இதே நாளில்' என்று ஒரு சரித்திரக் கேள்வி கேட்கும். சரியாகச் சொன்னால் ஏறும். ஒரே கேள்விக்கு மூன்று வருஷம் தப்பாகச் சொன்னால் கடை அடுத்தவனுக்குப் போய்விடும்.

இன்றைய கேள்வி: "இதே நாளில் இந்தச் சந்தையில் தீப்பிடித்து இறந்தவர்கள் எத்தனை பேர்?"

சங்கத் தலைவர் தாணுமாலயன் "பதினொன்று" என்றதும் அவர் கடை திறந்தது. அவருக்குத் தெரியாததா? செத்தது பத்தொன்பது. பன்னிரண்டைத் தொட்டால் சந்தையையே மூடுவது சட்டம் என்பதால், அதிகாரிகளிடம் கத்தரிக்காய் பேரம்போல் பேசிப் பதினொன்றில் முடித்தவர் அவர்தான். தன் வீட்டிலிருந்து முதல் பெயரைத் தள்ளினால்தான் மற்றவர்கள் படிவார்கள் என்று, செத்தவர் பட்டியலிலிருந்து அண்ணன் ஆதிமூலத்தின் பெயரை முதலில் அடித்தவரும் அவரே.

பக்கத்துக் கடை முன்னால் அண்ணன் மனைவி செண்பகவல்லி நின்றாள். இரண்டு வருஷமாக இந்த நாளில் "பத்தொன்பது" என்று சொல்லித் திறக்காமலே திரும்பியவள்.

"மைனி, இது மூணாவது தடவை. கடை போனா சோத்துக்கு என்ன செய்வீங்க? பதினொண்ணுன்னு சொல்லிருங்க."

"ஒண்ணே ஒண்ணு கூட்டித் தாங்களேன். பன்னெண்டுல முடிச்சிருவோம்."

"பன்னெண்டானா சந்தையே கிடையாது மைனி."

அவள் ஷட்டரைப் பார்த்து "பதினொண்ணு" என்றாள். ஷட்டர் ஏறியது. உள்ளே போகாமல் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ உங்க அண்ணன் சாகலை. மத்தியானத்துக்குச் சோறு கட்டிட்டு வாறேன். எங்க இருக்காருன்னு கேட்டு வைங்க."