சக்கர நாற்காலிப் படம்

பவளக்கொடியின் மூன்று சக்கர ஸ்கூட்டரை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கணவன் முத்தரசு தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். அது இல்லாமல் அவள் வேலைக்குப் போக முடியாது. கடையிலிருந்த அவனுக்குச் செய்தி அனுப்பினாள்.

“வண்டிய யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

அவள் அனுப்பும் எதிலும் சக்கர நாற்காலிப் படம் தானாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படம் வந்தால் பெறுபவரின் போனே பதிலை எழுதிவிடும். அனுப்ப விரலால் தொட்டால் போதும்.

“உன் மனவுறுதிக்குத் தலைவணங்குகிறேன்” என்று பதில் வந்தது.

“சாயங்காலத்துக்குள்ள வண்டி வரலைன்னா ஒங்க தம்பி வீட்டு வாசல்ல வந்து கத்துவேன்.”

“நீ எல்லோருக்கும் முன்மாதிரி.” கூடவே ஒரு ரோஜாப்பூ.

மாலையில் அவன் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான்.

“நான் எழுதினத வாசிச்சீங்களா?”

“அதான் ஒடனே ஒடனே பதில் போட்டேன்லா.”

“நான் என்ன எழுதியிருந்தேன், சொல்லுங்க.”

அவன் போனை எடுத்துப் பார்க்கப் போனான். அவள் அதைப் பிடுங்கித் தரையில் போட்டு, தன் சக்கர நாற்காலியை உருட்டி அதன்மேல் ஏற்றினாள். கண்ணாடி நொறுங்கியது.

“கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?” என்று முத்தரசு கத்தினான்.

“இந்தப் பதிலுதான் ஒங்களுது. இப்ப சொல்லுங்க, வண்டி எங்க?”