பதினான்காம் வரிக்குக் கீழே

அந்த வரி கடிதத்தில் இல்லை.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பழுப்பேறிய தாளின் நார் தெரிந்தது. மை ஊறிய இடங்கள் தெரிந்தன. வரி மட்டும் இல்லை.

பர்மாவில், மேமியோ மலையிலிருந்து ஞானாபரணம் தன் மனைவிக்கு எழுதிய கடிதம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, ஆகஸ்ட். செடி தேடிப் போன மனிதர். மனைவிக்கும் செடிகளைப் பற்றியேதான் எழுதினார். வெள்ளைப் பூ, ஐந்து இதழ், வாசனை இல்லை. காம்பை ஒடித்தால் பால் வடிகிறது.

அதற்குக் கீழே, தட்டச்சு செய்த பக்கத்தில் மட்டும்:

நாளைக் காலை எனக்கு அறுவைச் சிகிச்சை. யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு மறுபடியும் ஞானாபரணம். மழை விட்டபாடில்லை, செடி வைத்த தாள்களை அடுப்பருகே உலர்த்துகிறேன்.

தட்டச்சு செய்தவர் எண் அறுபத்து மூன்று. இந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்யும் தன்னார்வலர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. எண்தான். அவர்கள் அடித்ததை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அவள் வேலை. ஏழு மாதமாக அறுபத்து மூன்றின் பக்கங்கள் அவளிடம்தான் வருகின்றன. ஒரு பிழை இருந்ததில்லை. மை கொட்டிய இடத்தில்கூட 'மை கொட்டியிருக்கிறது' என்று குறிப்பு வைக்கிற ஆள்.

கை தவறி இப்படி ஒரு வரி விழாது.

சரிபார்த்து அழிக்கப்போகிறவள் ஒருத்தி படிப்பாள். அவள் மட்டும் படிப்பாள். அது தெரிந்தே எழுதியிருக்கிறார்.

தேதி பார்த்தாள். தட்டச்சு செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று இத்தனை நாள் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போனாள். குடிக்காமல் திரும்பி வந்தாள்.

ஒருங்கிணைப்பாளர் நெல்சனுக்குப் போன் செய்து அறுபத்து மூன்று யார் என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. பெயர், போன் நம்பர் எல்லாம் கேட்டால் ஆள் வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்களாம். என்ன விஷயம் என்றார். ஒரு வரி கூடுதலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"ஒரு வரிதானேக்கா? அழிச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க. ஞானாபரணம் சார் என்ன, வந்து சண்டையா போடப்போறாரு?"

கர்சரை அந்த வரியின் கடைசியில் வைத்தாள். ஓர் எழுத்தை அழித்தாள். திரும்ப அடித்தாள்.

மறுபடியும் எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள். மூடினாள்.

அழித்துவிட்டு ஏற்றுக்கொண்டால் பக்கம் காப்பகத்துக்குப் போய்விடும். திருப்பி அனுப்பினால் அடித்தவரிடமே போகும். வேறு யாரும் அதைத் திறக்க முடியாது.

திருப்பி அனுப்பு என்பதை அழுத்தினாள்.

காரணம் கேட்டது. எழுத்துப் பிழை. கூடுதல் சொற்கள். விடுபட்டது. மூன்றில் ஒன்று.

கூடுதல் சொற்கள் என்பதன்மேல் அம்புக்குறி நின்றது. வெகுநேரம் நின்றது.

பிறகு கீழே இறங்கியது.

விடுபட்டது.

குறிப்புக்கான கட்டம் திறந்தது. மூச்சு விடாமல் அடித்தாள்.

பதினான்காம் வரிக்குக் கீழே இருப்பதைப் படித்தேன். அதற்கு அடுத்த வரி விடுபட்டிருக்கிறது. சேர்த்து அனுப்பவும். அவசரமில்லை.

ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

அவசரமில்லை என்பதை மட்டும் அழித்தாள்.